நேற்றைய விசில்

நடுக்கரட்டுப்பட்டியில் கரடு கூப்பிட்ட குரலுக்கு உடனே பதில் சொல்லாமல் போன முதல் நாள் தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை என்பதில் ஊரில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நேரம் மத்தியானம் ஒரு மணி என்பதிலும் இல்லை, ஏனென்றால் அந்த நேரத்தை ஊருக்குச் சொன்னதே பஞ்சவர்ணத்தின் கைக்கடிகாரம்தான். கல்குவாரியில் வேட்டு வைப்பதற்கு முன்னால் ரோட்டில் சிவப்புக் கொடியோடு நின்று வண்டிகளை மறிப்பது, மூன்று தடவை நீளமாக விசில் ஊதுவது, ஆளும் ஆடும் ஒதுங்க ஏழு நிமிஷம் விட்டுப் பச்சைக் கொடியை அசைப்பது, இதுதான் பதினாலு வருஷமாக அவள் வேலை. பச்சை அசைந்தால்தான் மேலே வேட்டுக்காரன் தவசி பொத்தானை அமுக்குவான். அவள் ஊதுகிற விசிலை எதிரே பாறைக் குன்றாக நிற்கிற கரடு வாங்கி, கண் மூடித் திறப்பதற்குள் திருப்பிக் கொடுத்துவிடும். அன்றைக்கு வாங்கிக்கொண்டது, கொடுக்கவில்லை. தவசி மேலேயிருந்து எட்டிப் பார்த்தான். பஞ்சவர்ணம் விசிலை உதறிப் பார்த்தாள். வேட்டு வெடித்தது; அந்தச் சத்தத்தையும் கரடு வாயில் போட்டுக்கொண்டு சும்மா இருந்தது.

நாலு மணி பத்து நிமிஷத்துக்கு, முபாரக் பாய் டீக்கடையில் அவள் கிளாஸைக் கையில் வாங்கியபோது, கரட்டிலிருந்து மூன்று விசில் வந்தது. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். வாயில் வடை இருந்தது. ஏழு நிமிஷம் கழித்து, ஒரு கல்லும் பறக்காமல், ஒரு புழுதியும் கிளம்பாமல், வேட்டுச் சத்தம் மட்டும் வந்து ஊரைத் தாண்டிப் போனது.

“கரட்டுக்கும் வயசாகுதுல்ல,” என்றார் முபாரக் பாய், பாலை ஆற்றிக்கொண்டே. “எனக்கே ரெண்டு டீன்னு சொன்னா அரைமணி கழிச்சுத்தான் காதுல ஏறுது.”

அதற்கு மேல் யாரும் காரணம் கேட்கவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்தது, அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். ஊர் அதற்கு ஏற்றபடி நடக்கக் கற்றுக்கொண்டது. காலையில் கரட்டைப் பார்த்துக் கத்திவிட்டுப் போன கீரைக்காரரின் குரல் மத்தியானம் வந்து பெண்களைக் கூடையோடு வெறுந்தெருவில் நிறுத்தியது. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு இரண்டாவது தடவையும் வரவேண்டியதாயிற்று. குழாயடியில் காலையில் முட்டிக்கொண்ட இரண்டு ஓரகத்திகள் சாயங்காலம் ஒரே முறத்தில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது காலைச் சண்டை கரட்டிலிருந்து முழுசாக இறங்கி வந்தது; இருவரும் கையை நிறுத்திக் கடைசிவரை கேட்டார்கள்; மூத்தவள், “இந்த எடத்துல நான் கொஞ்சம் கூடத்தான் பேசிட்டேன்,” என்றாள், இளையவள், “அடுத்து நான் பேசுனதக் கேளுங்கக்கா, அதுக்கு இது எம்புட்டோ தேவல,” என்றாள். பங்குனிப் பொங்கலுக்குச் சாயங்காலம் கொட்டிய மேளம் விடிந்தபிறகு திரும்பி வந்ததில் சாமியாடிக்கு இரண்டாவது தடவை அருள் வந்தது; அப்போது அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்; நுரையும் வாயுமாக அவர் சொன்ன குறிதான் அந்த வருஷம் நன்றாகப் பலித்தது என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். தேர்தல் ஜீப்பில் வந்தவர்கள் கொடுத்த வாக்குறுதிகளும் திரும்பி வந்தன, ஜீப் இல்லாமல். சிரிக்க மறந்தவர்களுக்கு அது வசதியாயிருந்தது.

இப்படி எல்லாவற்றையும் ஊர் தாங்கிக்கொண்டது. தாங்க முடியாதது ஒன்றே ஒன்றுதான், அது பஞ்சவர்ணத்தின் விசில்.

முதல் வாரம் அவள் ஊதினாலும் ஓடினார்கள், கரடு ஊதினாலும் ஓடினார்கள். இரண்டாவது வாரம் ஒன்றுக்கு ஓடினார்கள். மூன்றாவது வாரம் அவள் புருஷன் ஆண்டிச்சாமி இரண்டுக்கும் ஓடவில்லை. குவாரிக்குப் பின்னால் கல் எடுத்துக் கைவிட்ட பழைய குழியில் தண்ணீரும் புல்லும் உண்டு. ஆட்டை அங்கே விட்டுவிட்டு அவர் வாகை நிழலில் தலைக்குத் துண்டை மடித்து வைத்துப் படுத்திருப்பார். குழிக்குள் செல்போன் எடுக்காது. கத்துகிற வார்த்தை இறங்காது, விசில் மட்டும்தான் இறங்கும். வேட்டுக் கல் இறங்குவதும் அங்கேதான்.

“ஏங்க, விசில் கேட்டுச்சா கேக்கலையா?” என்று அவள் சோறு போடும்போது கேட்டாள்.

“கேட்டுச்சு.”

“கேட்டும் ஏன் எந்திரிக்கல?”

“பொண்டாட்டி ஊதுனா எந்திரிக்கலாம். கரடு ஊதுனதுக்கெல்லாம் எந்திரிச்சா ஆடு எப்ப மேயும்? எது யாருன்னு சொல்லு, எந்திரிக்கிறேன்.”

மூன்று விசிலை நாலாக்கலாம் என்று தவசி சொன்னான். குவாரி மேனேஜர் சந்தானம், சட்டத்தில் மூன்றுதான் என்று சொல்லிவிட்டார். ஆக்கினாலும் என்ன, நாளைக்குக் கரடும் நாலு ஊதும். அதனால் பஞ்சவர்ணம் நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். பத்தாவது வரை படித்தவள், எழுத்து குண்டு குண்டாக இருக்கும். நான் ஊதியது ஒரு மணி. கரடு ஊதியது இத்தனை மணி. அவ்வளவுதான். மாசி பிறப்பதற்குள் தாள்களே அவளிடம் பேசின: நாளுக்குப் பத்து நிமிஷம் ஏறுகிறது. குவாரி லீவான ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏறுவதில்லை. ‘கரட்டுக்கும் லீவு’ என்று ஒரு தாளில் எழுதி அவளே சிரித்துக்கொண்டாள். சில நாள் ஒன்பது வரும், சில நாள் பன்னிரண்டு வரும்; அந்த இடங்களில் ஓரமாக ‘கடிகாரம் தப்பு’ என்று குறித்து வைத்தாள்.

பிறகு தினமும் முபாரக் பாய் கடைப் பலகையில் சாக்பீஸால் இரண்டு வரி எழுதினாள். அசல் 1.00. கரடு 6.40. மறுநாள், அசல் 1.00, கரடு 6.50. ரெண்டொரு நிமிஷம் முன்னே பின்னே இருந்தாலும் எல்லா நாளும் அது பலித்தது. ஆண்டிச்சாமி அசலுக்கு எழுந்து போனார், கரட்டுக்குப் புரண்டு படுத்தார். ஊர் நிம்மதியாயிற்று, நிம்மதி வந்ததும் பட்டம் கொடுக்க ஆரம்பித்தது.

“வாங்க விஞ்ஞானியம்மா, நம்ம மாடு எப்ப கன்னு போடும்னு பலகையில போடக் கூடாதா?” என்று கேட்டார் கீரைக்காரர்.

“உம்ம மாடு விசில் ஊதுனா போடுறேன்,” என்றாள்.

நடுநிலைப்பள்ளியில் அறிவியல் எடுக்கிற ரெக்ஸ்லின் டீச்சர், நாகர்கோவில் பக்கத்துப் பெண், வயசு முப்பதுகூட இருக்காது, வேலை மெனக்கெட்டு ரோட்டுக்கே வந்து சொன்னாள்: “அக்கா, வெளையாட்டுக்குச் சொல்லல. நீங்க செய்றதுதான் ஆராய்ச்சி. நீங்க விஞ்ஞானிதான்.”

“பாத்ததை எழுதுறேன் டீச்சர். இந்த ஊருக்கு பஸ்ஸு எப்ப வந்துச்சுன்னு கண்டக்டருந்தான் எழுதுறாரு. அவரையும் சொல்லுவீகளா?”

டீச்சருக்கு உடனே பதில் வரவில்லை. ஆனால் அவள் எழுதிப் போட்ட கடிதத்துக்குச் சித்திரையில் பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேர் தொப்பியோடு வந்தார்கள். முக்காலியில் மைக்கை நிறுத்தினார்கள், பெட்டிகளைத் திறந்தார்கள், பஞ்சவர்ணத்தைக் குடை பிடிக்கச் சொன்னார்கள், ஆடு கத்தாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவளுடைய தாள்களை ஒன்று விடாமல் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். பாறை ஈரம் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். “ரொம்ப உதவியா இருந்தீங்கம்மா,” என்று சொல்லிவிட்டு இரண்டாம் நாள் ஜீப் ஏறினார்கள். ஏறும்போது அவர்கள் சொன்ன ‘போய்ட்டு வர்றோம்’ மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்தது, முபாரக் பாய், “வாங்க,” என்றார்.

அடுத்து பஞ்சாயத்து ஒரு சால்வை போட்டது. ரேஷன் கார்டில் இருந்த அவள் படத்தைப் பெரிதாக்கி, கீழே ‘எங்கள் விஞ்ஞானி’ என்று பிளக்ஸ் கட்டினார்கள். ரோட்டில் கொடியோடு நிற்கும்போதெல்லாம் தன் முகமே எதிரே நின்று தன்னைப் பார்ப்பதில் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. இன்னொருத்தி தைத்துக்கொண்ட ஜாக்கெட்டைப் போட்டது போல அந்தப் பேர் தோளில் பிடித்தது, இடுப்பில் தொளதொளத்தது. சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பஞ்சவர்ணம், விஞ்ஞானி. வேறு யாரையோ கூப்பிடுவது போலத்தான் இருந்தது.

ஆனி மாதம் வந்தது. நாளுக்குப் பத்து பத்தாக ஏறிய தாமதம் ஒரு முழு நாளைத் தொடப்போனது. நேற்று ஊதிய விசில் இன்றைக்கு அசல் விசிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கப்போகிறது என்பதை அவள்தான் முதலில் கண்டு, பலகையில் பெரிதாக எழுதினாள்: ‘முதல் விசில் நேற்றையது. இரண்டாவது விசில்தான் இன்றையது. இரண்டாவதுக்கு எழுந்திருக்கவும்.’ படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள். ஆண்டிச்சாமிக்கு அவளே சோற்றோடு சேர்த்து ஊட்டினாள். புதன்கிழமை கரடு 12.40 என்று போட்டிருந்தாள்; சொல்லிவைத்தது போல 12.40க்கு வந்தது, ஒரு மணிக்கு அவள் ஊதினாள், எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வியாழக்கிழமை கரடு 12.50.

வியாழக்கிழமை 12.50 வந்தது. விசில் வரவில்லை.

கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தாள். 12.55 ஆயிற்று. ரெண்டு நிமிஷம் முன்னே பின்னே இருக்கும் என்று நினைத்தாள். ஒரு மணி ஆனதும் பதினாலு வருஷப் பழக்கத்தில் கை தானாக விசிலை வாய்க்குக் கொண்டுபோனது, மூன்று தடவை ஊதியும் விட்டாள். ஊதி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இன்றைக்கு இதுதான் முதல் விசில். குழிக்குள் படுத்திருக்கிற மனுஷனுக்கு இது நேற்றையது. பொண்டாட்டி பேச்சைத் தட்டாமல் அவர் இப்போது புரண்டு படுத்திருப்பார்.

ஏழு நிமிஷம் ஆயிற்று. பச்சைக் கொடி சுருட்டியபடியே அவள் கக்கத்தில் இருந்தது.

“மதினி,” என்று மேலேயிருந்து தவசி கத்தினான், “கொடி என்னாச்சு?”

“அசைக்க மாட்டேன். பொத்தானைத் தொட்றாத தம்பி.”

மேனேஜர் சந்தானம் பைக்கில் வந்து இறங்கினார். ரோட்டில் இரண்டு பக்கமும் லாரி நின்றது, டிரைவர்கள் இறங்கிவிட்டார்கள், டீக்கடை பெஞ்சில் இருந்தவர்களும் வந்துவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால், தன்னுடைய பிளக்ஸுக்கு நேர் கீழே நின்றுகொண்டு, அவள் சொன்னாள்:

“என் கணக்கு தப்பாப் போச்சு. பலகையில போட்டது தப்பு. நான் இப்ப ஊதுனதை உள்ள இருக்கவுக நேத்து விசில்னு நெனச்சிருப்பாக.”

“நால்வழிச்சாலைக்குக் கல் போகணும்னு நேத்து ஒரே நாள்ல முப்பத்தாறு லோடு அனுப்பிருக்கேன்,” என்றார் சந்தானம். “இன்னைக்கு நீ ரோட்டை மறிச்சுக்கிட்டு கணக்கு தப்புங்கிற. ஆளை அனுப்பிப் பாக்கச் சொல்லவா? சுத்திப் போய்ட்டு வர அரைமணி ஆகும்.”

“அனுப்புங்க. ஆனா யாரும் கத்தாதீங்க, ஹாரன் அடிக்காதீங்க. கரடு எப்ப ஊதுதுன்னு எனக்குக் கேக்கணும். நான் இன்னொரு தடவை ஊதுனா நாளைக்குக் கரடும் ரெண்டு தடவை ஊதும், இன்னும் கொழம்பிரும்.”

“சால்வையத் திருப்பி வாங்கிற வேண்டியதுதான்,” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“எடுத்துக்கங்க, ஆட்டுக்குட்டி போத்திக்கிட்டிருக்கு,” என்றாள் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்போது அவளுக்குள் நடந்ததை அவள் யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. பயம் இருந்தது, பச்சை அசையாதவரை அவருக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும் இருந்தது. வெட்கம் இருந்தது; ஐந்து மாதமாகத் தப்பாத கணக்கு ஊரே பார்க்கத் தப்பினால் வேறு என்ன இருக்கும். ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவில், கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு முன்வரிசைக்கு வருகிற ஆளைப்போல ஒன்று வந்து உட்கார்ந்தது. தப்பு என்பது முடிந்துபோன விஷயம், எவ்வளவு தப்பு? பதினைந்து நிமிஷமா, இருபதா? ஏன்? அவள் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டாள். கரடு சரியாக 12.50க்கே ஊதியிருந்தால் நன்றாயிருந்திருக்குமே என்று அவள் நினைத்துப் பார்த்தாள். நினைத்துப் பார்த்தால், அப்படி ஒன்றும் தோன்றவில்லை. ஊதியிருந்தால் எழுத இன்னொரு பத்துதான் கிடைத்திருக்கும். சின்னக் குற்றவுணர்ச்சியோடு அவள் கண்டுகொண்டாள், தனக்குச் சந்தோஷமாக இருக்கிறது என்று. டீச்சருக்கு அன்றைக்கு வராத பதில் இவளுக்கு ரோட்டில் நின்றபடி வந்தது: பஸ் நேரம் தப்பினால் கண்டக்டருக்கு எரிச்சல்தான் வரும். யாரும் கூப்பிடாமலே அந்தப் பேர் வந்து அவள்மேல் உட்கார்ந்தது, இடுப்பிலும் பிடித்தது. சரிதான், அப்படியென்றால் நான் அதுதான் போல என்று நினைத்துக்கொண்டாள்.

1.16க்குக் கரடு மூன்று தடவை ஊதியது.

நாலு நிமிஷம் கழித்து, பழைய குழியின் வாயில் முதலில் கிடா வந்தது, பின்னால் பதினேழு உருப்படியும் வந்தன, எல்லாவற்றுக்கும் பின்னால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆண்டிச்சாமி வந்தார். கரட்டுக்கு எழுந்து வந்திருக்கிறார். ரோட்டுக்கு வந்து இவ்வளவு கூட்டத்தைப் பார்த்துவிட்டு, “ரெண்டாவது விசிலுக்கு எந்திரிச்சு வந்துட்டேன்ல, இன்னும் எதுக்குடி மொறைக்கிற?” என்றார்.

சந்தானம் பைக்கைத் திருப்பினார். பார்க்கப் போன ஆளும் திரும்பி வந்த பிறகு பஞ்சவர்ணம் பச்சைக் கொடியை அசைத்தாள். வேட்டு வெடித்தது, குழிக்குள் கல் விழுகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது.

அன்று சாயங்காலம் வாசலில் தாள்களைப் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு புளியங்கொட்டையை வைத்தாள். 12.50க்கும் 1.16க்கும் நடுவில் இருபத்தாறு. வழக்கமான பத்தைச் சேர்த்தால் முப்பத்தாறு. முப்பத்தாறு என்பதை இன்றைக்கு வேறு எங்கேயோ கேட்டோமே என்று யோசித்தவள், அடுப்பில் உலை கொதித்து வழிவதைக்கூடப் பார்க்காமல் எழுந்து குவாரி ஆபீசுக்கு நடந்தாள். லாரிக்குக் கிழித்துக் கொடுக்கிற நடைச்சீட்டின் அடிக்கட்டைகள் அங்கே இருந்தன. தவசி ஒவ்வொரு தேதியாக வாசித்தான், அவள் தாளைப் பார்த்தாள். பத்து லாரி போன நாள் பத்து நிமிஷம். டயர் வெடித்து ஒன்று நின்றுபோன நாள் ஒன்பது. பன்னிரண்டு போன நாள் பன்னிரண்டு. ‘கடிகாரம் தப்பு’ என்று அவள் ஓரத்தில் எழுதி வைத்த பதினான்கு நாளிலும் கடிகாரம் சரியாகத்தான் ஓடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கரட்டுக்கு லீவு இல்லை, லாரிக்குத்தான் லீவு.

“அப்ப கல்லு போகப் போகத்தான் கரடு மெதுவாகுதா மதினி?” என்றான் தவசி. “அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“தெரியாது. இதுவரைக்கும் கூடவே போயிருக்கு. நாளைக்கும் போகுதான்னு பாக்கணும்.”

பதினாலு வருஷமாகத் தன் முன்னால் நின்று நின்று போன லாரிகளை அவள் ஒரு நாள்கூட எண்ணியதில்லை. அதை நினைத்துத் திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்தாள்.

மறுநாள் மேனேஜரிடம், இரண்டு விசிலும் ஒன்றையொன்று தாண்டிப் போகிறவரை வேட்டை ஒரு நாள் நாலு மணிக்கும் மறுநாள் ஒரு மணிக்கும் மாற்றி மாற்றி வையுங்கள் என்றாள். அவர் ஏதோ சொல்ல வந்தார், அவள் கக்கத்தில் இருந்த பச்சைக் கொடியைப் பார்த்துவிட்டு, சரி என்றார். பலகையில் அசல் 4.00 என்று எழுதினாள். கரடு என்று எழுதி, அதற்கு நேரே, ‘தெரியாது. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று எழுதினாள். முபாரக் பாய் அதைப் படித்துவிட்டு, “இது தப்பவே தப்பாது,” என்றார்.

சோறு போடும்போது ஆண்டிச்சாமி முன்னால் ஒரு பழைய கைக்கடிகாரத்தையும் பத்துத் தாளையும் வைத்தாள்.

“இது எதுக்கு?”

“நாளையிலருந்து குழிக்குள்ள நீங்களும் எழுதணும். எப்பக் கேட்டுச்சுன்னு. நான் ரோட்டுல இருந்து கேக்குறேன், நீங்க உள்ள இருந்து கேளுங்க.”

“நான் தூங்க வேணாமா?”

“ரெண்டு விசிலுக்கும் முழிச்சிருந்தாப் போதும். மீதி நேரம் தூங்குங்க.”

அவர் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையில் கட்டிப் பார்த்தார். கட்டிய கையோடே ஒரு வாய் சோறு உருட்டினார், நிறுத்தினார்.

“ஒண்ணு கேக்குறேன். நான் எழுதுறது உன் கணக்குக்கு ஒத்து வந்தாச் சரி. ஒத்து வரலேன்னா என்ன செய்ய, மாத்தி எழுதவா?”

“மாத்தாதீங்க,” என்றாள் பஞ்சவர்ணம், அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிக்கொண்டே. “ஒத்து வராததை மொதல்ல எடுத்துக்கிட்டு எங்கிட்ட ஓடியாங்க.”